ஆலந்தூர் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை 2022-23

தலைவர் அவர்களுக்கும் செயற்குழு நண்பர்களுக்கும், இந்த வெயிலிலும் மொட்டைமாடிப் பந்தலுக்கு ஏறி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கொசு, தெருவிளக்கு, நாய்த் தொல்லை எல்லாம் வழக்கம்போல் இருந்தன. ஆனால் இந்த ஆண்டு நம் கூட்டங்களில் பாதி நேரத்தைச் சாப்பிட்டது சொத்து வரிதான். அதனால் அறிக்கையிலும் அதற்கே முதலிடம்.

2022 ஏப்ரல் தொடக்கத்தில் சொத்து வரியை உயர்த்தி அரசாணை வந்தது. ஆலந்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. அதனால் வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்வு. பழைய சென்னைக்காரர்களுக்கு இது 50-ல் தொடங்கி 150 வரை போனது. நமக்குப் பரவாயில்லை என்று சொன்ன என்னை அன்று சிலர் முறைத்தது நினைவிருக்கிறது.

மாநகராட்சி மாமன்றத்தில் எதிர்த்துப் பேசினால் குறைந்துவிடும் என்று நம்மில் பலர் நம்பினோம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் கவுன்சிலர்கள் மறுபடி உட்கார்ந்ததே 2022 மார்ச்சில்தான். வந்து உட்கார்ந்ததும் கைக்கு வந்தது இந்த வரித் தீர்மானம். ஆனால் சதவீதம் வேறு இடத்தில் முடிவாகிவிட்டிருந்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்தால்தான் நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை வைத்தது. மாநில அரசு ஆணை போட்டது. மாமன்றம் பொதுமக்களின் ஆட்சேபணைகளைக் கேட்டுவிட்டு மே கடைசியில் தீர்மானம் நிறைவேற்றியது. நாமும் மனு கொடுத்தோம். அதன் நகல் கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

2018-ல் உயர்த்தி, 2019 நவம்பரில் நிறுத்திவைத்த கதையை மனதில் வைத்து, ‘இதையும் நிறுத்திவிடுவார்கள், கட்ட வேண்டாம்’ என்று சிலர் காத்திருந்தார்கள். நிறுத்தவில்லை. சீக்கிரம் கட்டியிருந்தால் கிடைத்திருக்கும் 5 சதவீதக் கழிவு போனதுதான் மிச்சம்.

உண்மையில் நாம் உருப்படியாகச் செய்த வேலை டேப் பிடித்ததுதான். மூன்றாவது தெரு அம்மா ஒருவர் தன் வீடு 571 சதுர அடி, எனக்கு 25 சதவீதம்தான் என்று உறுதியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை நானும் பொருளாளரும் போய் அளந்தோம். அறைக்குள் அளந்தால் அவர் சொன்னது சரி. ஆனால் கட்டட அளவு என்பது சுவரையும் சேர்த்து. வெளியிலிருந்து அளந்தபோது 647 வந்தது. ஒன்பது அங்குலச் சுவர் அவரை அடுத்த படிக்கு ஏற்றிவிட்டது. ‘அப்ப சுவரை இடிச்சிரட்டுமா?’ என்றபடியே காபி கொடுத்தார். இப்படி அளந்த வீடுகளில் பெரும்பாலான குழப்பம் நம் பக்கத்தில்தான் இருந்தது. அரையாண்டுத் தொகையை ஒரு வருடத்துக்கானது என்று நினைத்தவர்களே நான்கு பேர்.

இதே ஆலந்தூரில், நகராட்சியாக இருந்த காலத்தில், பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் கட்டியிருக்கிறோம். அன்றைக்கு அது பெரிய பணம். குடியிருப்போர் சங்கங்கள் வீடு வீடாகப் போய்ப் பேசின, ஜனங்கள் கட்டினார்கள். குழாய் எந்தத் தெருவில் இறங்குகிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தது. இன்று அப்படியில்லை. ஜூலையில் செஸ் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் வரைந்தபோது, ‘நம்ம வரிப்பணமா அது?’ என்று ஒருவர் கேட்டார். பாலம் அழகாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் முதலீட்டாளர் மாநாடு நடந்த 2015-ஐயும் 2019-ஐயும் இன்னொருவர் இழுத்தார். அன்றைய கூட்டம் முடிய இரவு பத்து மணி ஆனது.

அப்புறம் நம் மாநாடு. குடியிருப்போர் சங்கங்களின் மாநாட்டுக்கு இரண்டு பேரை அனுப்ப 3,000 ரூபாய் கேட்டேன். பாலத்தை விட்டுவிட்டு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஏன் இரண்டு பேர், ஏன் ஏசி பஸ், போய் வந்தால் நமக்கு என்ன லாபம்? எல்லாம் நியாயமான கேள்விகள். நானும் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் கேட்டிருப்பேன். இரண்டு கூட்டம் ஓடிய பிறகு ஒருவருக்கு 1,200 ரூபாய் அனுமதித்தீர்கள். டிக்கெட்டும் சாப்பாட்டு ரசீதும் இணைக்கப்பட்டுள்ளன. மீதி 85 ரூபாயைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.

மாதச் சந்தாவை 50-லிருந்து 75 ஆக்கும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. ஆட்சேபணைகளை எழுத்தில் கொடுக்கலாம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்களின் பெயர்களை நான் இங்கே வாசிக்கப் போவதில்லை. பட்டியல் கீழே மோட்டார் ரூம் கதவில் ஒட்டியிருக்கிறது.