புதிதாக வந்த பிள்ளைகளிடம் போங்கள்: ரயில்வே தொழிற்சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களுக்கு,

வணக்கம். தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனாக வேலைக்குச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி, கடைசிப் பதினெட்டு வருடங்கள் சென்னை மின்சார ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பதவிக்கு இப்போது டிரெயின் மேனேஜர் என்று பெயர், 2022-இல் மாற்றினார்கள். முப்பது வருடத்துக்கு மேல் சந்தா கட்டியவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன்.

சில வாரங்களுக்கு முன்னால், விடியற்காலையில், ஒரு ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு பையனைப் பார்த்தேன். ஆரஞ்சு மேல்சட்டை. பக்கத்தில் டார்ச்சும் கொடிகளும். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கும் இரவு ரோந்தை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். சொந்த ஊர் பீகாரில். டிராக் மெயின்டெய்னராக, அதாவது அந்தக் காலத்துக் கேங்மேன் வேலையில், சேர்ந்து ஏழு மாதம் ஆகிறதாம். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். வார ரெஸ்ட் என்றைக்கு என்று கேட்டேன். இந்த வாரம் கிடையாது, ஆள் பற்றாக்குறை என்றான். நீ கேட்டாயா என்றேன். "புரொபேஷன் முடியட்டும் சாச்சா" என்றான். வேலை நிரந்தரமாகும் முன் உள்ள தகுதிகாண் காலத்தைச் சொன்னான்; சாச்சா என்றால் சித்தப்பா. எந்த ஸ்டேஷன், எந்த செக்‌ஷன் என்று எழுத மாட்டேன். எழுதினால் அவனைத்தான் முதலில் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

அந்தப் பதில்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

1989-ஆம் வருட ரயில்வே சட்டம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 133-ஆவது பிரிவின்படி, தொடர் வேலை என்று வகைப்படுத்தப்பட்ட ஊழியருக்கு வாரத்தில் விடாமல் 30 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். 132-ஆவது பிரிவு அதே ஊழியரின் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டுகிறது. இரண்டு வாரச் சராசரியில் வாரத்துக்கு 54 மணி நேரம், அதற்கு மேல் வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம். பாதை வேலையும் இந்த வகைதான். புரொபேஷன் முடிந்தவருக்கு மட்டும் என்று இதில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா? சேர்ந்த முதல் நாளே அந்தப் பையனுக்கு அந்த உரிமை வந்துவிட்டது. அதை அவனிடம் போய்ச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அவன் வாயைத் திறக்காததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 2019-இல் கடைநிலைப் பணிகளுக்கு அறிவிப்பு வந்தது. ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான இடங்கள், ஒரு கோடிக்கு மேல் விண்ணப்பங்கள். தேர்வு தொடங்கியதே 2022 ஆகஸ்டில்தான். அப்புறம் உடல் தகுதித் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை. விண்ணப்பம் போட்ட வயதும் வேலைக்கு வந்த வயதும் வேறு. அப்படிக் காத்திருந்து 18,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேர்கிறவனுக்கு முதல் இரண்டு வருடம் புரொபேஷன். மேலதிகாரி முகம் சுளித்தால் இதுவும் போய்விடுமோ என்ற பயத்தில் அவன் எதையும் கேட்க மாட்டான். ரெஸ்ட் கேட்க மாட்டான். காய்ச்சலோடு பாதையில் இறங்குவான்.

நான் சேர்ந்தபோது இப்படி இல்லை. எங்கள் கேங்கின் மேட், அதாவது குழுத் தலைவர், 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தில் வேலை இழந்து, 1977-இல் ஆட்சி மாறிய பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டவர். நான் சேர்ந்த இரண்டாம் நாளே என்னைத் தேடிக்கொண்டு வந்தார். சந்தா ரசீதை அப்புறம்தான் எடுத்தார். முதலில் கையைப் பிடித்துப் பாதையில் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வண்டி வந்தால் ஒன்றின் சத்தத்தில் மற்றொன்றின் சத்தம் கேட்காது, அப்போது எங்கே நிற்க வேண்டும் என்று நின்று காட்டினார். எந்த வளைவில் வண்டி கண்ணில் படத் தாமதமாகும், எந்த மதகில் மழைக்காலத்தில் பாம்பு கிடக்கும் என்பதெல்லாம் அன்று தெரிந்துகொண்டதுதான். என் ரெஸ்ட் கிழமையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். "இதை விட்டுக் கொடுக்காதே, உனக்குப் பின்னால் வருகிறவனுக்கும் இல்லாமல் போகும்" என்றார். நான் இன்றைக்கு உயிரோடு இருப்பதற்கு அந்த முதல் வாரம் ஒரு காரணம்.

இன்றைக்கு வேலை அதைவிடக் கடினம். கடற்கரை–தாம்பரம் இடையே கூட்ட நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி. மின்சார ரயில் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்துவிடும். ஒதுங்கி நிற்கும் இடமோ சுவரும் குப்பையுமாகக் குறுகிக் கிடக்கிறது. அப்படிப்பட்ட இடத்துக்கு, பக்கத்தில் நின்று எச்சரிப்பவரின் மொழி புரியாத ஒரு புதியவனை அனுப்புகிறோம். வெளியூர்ப் பையன்கள் நம்முடைய இடத்தைப் பிடித்துவிட்டார்கள் என்று நம்மவர்களே பேசுவதை யூனியன் ஆபீஸ் வாசலிலேயே கேட்டிருக்கிறேன். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்ற கோரிக்கையை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் அதைத் தேர்வு வாரியத்திடம் கேளுங்கள், பாதையில் நிற்கிறவனிடம் காட்டாதீர்கள். வண்டி வருகிறது என்று கத்துவதை அவன் புரிந்துகொள்கிறானா என்பது அவனுக்கு உயிர்ப் பிரச்சினை.

இங்கே ஒரு விஷயத்தை மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். 2004 ஜனவரி 1 முதல் சேர்கிறவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது என்று வந்தபோது, சங்கம் பணியிட வாசலில் நடத்திய ஒரு கூட்டத்துக்குக் கூட நான் போகவில்லை. எனக்குப் பாதிப்பு இல்லை என்று இருந்துவிட்டேன். என்னைப் போல நிறைய பேர் இருந்தோம். எனக்குச் சம்பளத்தில் பிடித்தமே இல்லாமல் பாதிச் சம்பளம் பென்ஷனாக வருகிறது. நேற்று வந்தவன் 2025 ஏப்ரலில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஓய்வூதியத்தைத் தேர்ந்தெடுத்தாலும், மாதம் பத்து சதவீதம் கட்டி, 25 வருடம் வேலை செய்தால்தான் பாதிச் சம்பளம். ஒரே தண்டவாளம், ஒரே வெயில். சேர்ந்த தேதி மட்டும் வேறு. அன்று நாங்கள் வெளியே வந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். வராமல் இருந்தது தவறு.

அதே தவறு இப்போது வேறு வழியில் நடக்கிறது. ஸ்டேஷன் துப்புரவு பெரும்பாலும் ஒப்பந்தம் என்று ஆகிவிட்டது. ஒப்பந்தக்காரர் மாறினால், வருடக்கணக்காக அதே நடைமேடையைக் கூட்டிய பெண்ணுக்கு நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியாது. அவர்கள் நம் உறுப்பினர்கள் இல்லை என்று நகர்ந்துவிடுகிறோம்.

வண்டி ஓட்டுகிறவர்கள் விஷயம் நாடறிந்தது. 2024 ஜூனில் தெற்கு ரயில்வேயின் லோகோ பைலட்டுகள் கேட்டது, டூட்டி முடிந்ததும் வழக்கமாகத் தரும் 16 மணி நேர ஓய்வோடு வாரத்துக்கான 30 மணி நேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள், இரண்டு இரவுக்கு மேல் தொடர்ந்து இரவு டூட்டி போடாதீர்கள் என்பதைத்தான். அதே மாதம் 17-ஆம் தேதி மேற்கு வங்கத்தில் காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரயில் மோதியது. முதல் நாளே, இறந்துபோன சரக்கு ரயில் லோகோ பைலட் மீதுதான் பழி விழுந்தது. தானியங்கி சிக்னல் பகுதியில் வண்டி நடத்துவது பற்றிச் சரியான பயிற்சியும் வழிகாட்டலும் ஊழியர்களுக்கு இல்லை என்று பாதுகாப்பு ஆணையர் பிறகு எழுதினார். நம் புறநகர்ப் பாதையும் தானியங்கி சிக்னல் பாதைதான். அந்த விபத்து நடந்த சில நாட்களில், உதவி லோகோ பைலட் பணியிடங்களுக்கான அறிவிப்பு 5,696-இல் இருந்து 18,799-ஆக உயர்ந்தது. அத்தனை இடமும் ஒரே வாரத்திலா காலியாயின? அதுவரை அந்த வேலையைத் தூக்கமில்லாமல் பார்த்தது யார்?

மின்சார ரயிலின் ஓட்டுநர் அறையில் கழிப்பறை இல்லை. டூட்டி நாளில் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிய எத்தனையோ மோட்டார்மேன்களோடு நான் வண்டியில் போயிருக்கிறேன். இப்போது பெண்கள் வருகிறார்கள். பாதை வேலைக்கும் வருகிறார்கள். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே, வெட்டவெளியில், எட்டு மணி நேரம் அவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய போராட்டம் இல்லை. பணி ஆணையோடு ஒரு பிள்ளை செக்‌ஷனுக்கு வரும் அன்று, யூனியன் சார்பில் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். வேலை நேரம், ரெஸ்ட், ஓவர்டைம், விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும், விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் யாரிடம் போக வேண்டும் என்பதை அவர்கள் படிக்கிற மொழியில் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுங்கள். முதல் மூன்று மாதம் இரவு ரோந்துக்கு அனுபவம் உள்ள ஒருவர் கூடப் போக வேண்டும் என்று நிர்வாகத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். ரெஸ்ட் கேட்டதற்காகப் புரொபேஷனில் இருப்பவர் மீது கை வைத்தால், அது சங்கத்தின் மீது கை வைத்ததாக எடுத்துக்கொள்வோம் என்று நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டுங்கள். சந்தாவை ஒரு வருடம் கழித்துக் கேட்டுக்கொள்ளலாம்.

புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க அனுபவம் உள்ள ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் தாம்பரம், பெருங்களத்தூர் பக்கமே நிறைய பேர் இருக்கிறோம். தண்டவாளத்தில் இறங்க எங்களுக்கு அனுமதி கிடையாது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை யூனியன் ஆபீஸில் அவர்களை உட்கார வைத்து, எந்த வளைவு, எந்த மதகு என்று எங்களால் சொல்ல முடியும். இந்தி தெரிந்த ஒருவரை மட்டும் பக்கத்தில் உட்கார வையுங்கள். தேதி சொல்லுங்கள், வருகிறேன்.

தோழமையுடன்,
ஓய்வு பெற்ற கார்டு ஒருவர்,
தாம்பரம்