எழுபத்திரண்டு ரூபாய்க் கணக்கு

அன்புள்ள மீனு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. உன் தம்பி போனில் ரம்மி ஆடிக் கடன்பட்ட விஷயத்தைப் படித்துவிட்டு என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மன்னித்துக்கொள். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. வீட்டில் பெயின்ட் வேலை மட்டும் பாக்கி.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் ஒரு கணக்கோடு வந்தாள். நீ பின்பக்க விடையைப் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டாயே, அதே கணக்குத்தான்! மூன்று பேர் சீட்டாடுகிறார்கள். தோற்றவன் மற்ற இருவரிடமும் உள்ள பணத்தை இரண்டு மடங்காக்க வேண்டும். வரிசையாக ஆளுக்கொரு ஆட்டம் தோற்கிறார்கள். கடைசியில் மூவரிடமும் 24 ரூபாய். ஆரம்பத்தில் யாரிடம் எவ்வளவு?

"முடியும்போது சமம்னா தொடங்கும்போதும் சமம்தான் அத்தை" என்று 24, 24, 24 எழுதினாள். ஆடிப் பார் என்றேன். முதலில் தோற்றவன் 48 கொடுக்க வேண்டும், கையில் 24தான். கழித்தால் −24. பென்சிலை வைத்துவிட்டு, "இல்லாத பணத்தை எப்படிக் கொடுப்பான்?" என்று கேட்டாள். "கடன் வாங்கித்தான்" என்றேன். சொன்னதுமே உன் தம்பி முகம் கண்முன்னே வந்துவிட்டது, மீனு.

கி.பி. 628-இல் கணித மேதை பிரம்மகுப்தர் நேர் எண்ணைத் தனம், அதாவது செல்வம் என்றும், எதிர் எண்ணை ருணம், அதாவது கடன் என்றும்தான் எழுதினார். நாம் அதை வெறும் கழித்தல் குறியாகப் படித்துத் தொலைத்தோம்.

பிறகு முறையாகப் போட்டோம். யார் ஜெயித்தாலும் மொத்தம் 72 மாறாது, அதுதான் பிடி. முதல் ஆளிடம் இருந்தது 'அ' என்றால் மற்றவர்களிடம் 72 − அ. தோற்றதும் அவனிடம் 2அ − 72. அது பிறகு இரண்டு முறை இரட்டிக்கிறது: 4(2அ − 72) = 24. அ = 39. இதே வழியில் மற்ற இருவருக்கும் 21, 12. அவளே ஆடிப் பார்த்தாள்: 6, 42, 24. அடுத்து 12, 12, 48. மூன்றாவது வரியில் 24, 24, 24 வந்ததும் துள்ளிக் குதித்தாள்!

எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்த மூவரில் ஒருவன் இழந்த 15 மற்றவர்களிடம் 3, 12 என்று போய்ச் சேர்ந்தது. தம்பி போனில் ஆடிய ரம்மியில் ஒவ்வொரு ஆட்டத்திலும் கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்டது. 72 அங்கே 72-ஆகவே இருந்ததில்லை. ஆடுகிறவர்கள் மாறி மாறி ஜெயித்தாலும் எல்லாருமாகச் சேர்ந்து தேய்ந்துகொண்டேதான் போனார்கள். விட்டதைப் பிடித்துவிடுவேன் என்கிறானே, எங்கிருந்து பிடிப்பான்?

அவனைத் திட்டாதே. யாரிடம் எவ்வளவு வாங்கினான், என்ன வட்டி என்று ஒரு தாளில் அவன் கையாலேயே எழுதச் சொல். ஒன்றையும் மறைக்க வேண்டாம். பொங்கலுக்கு வரும்போது அந்தத் தாளோடு அவனையும் கூட்டிக்கொண்டு வா. ஏலச்சீட்டில் எடுத்த பணம் கொஞ்சம் என்னிடம் இருக்கிறது. வட்டி அதிகமுள்ள கடனை முதலில் அடைப்போம்.

உடனே பதில் போடு.

உன்,
கமலி