பவரோட்டியின் ஆபரா மேடையையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் டெனர் (உச்சஸ்தாயி ஆண்குரல்) பாடகர் லுச்சானோ பவரோட்டி பற்றிய கட்டுரை படித்தேன். மகிழ்ச்சி. ஆனால் பெரும்பகுதி, 1990-இல் ரோமில் டொமிங்கோ, கரேராஸ் என்ற வேறு இரு டெனர்களுடன் அவர் பாடிய கச்சேரிக்கே போய்விட்டது. அதற்கு முன்பே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆபரா எனும் மேற்கத்திய இசைநாடக மேடையில் உழைத்தவர் அவர். 1961-இல் இத்தாலியின் ரெஜியோ எமிலியாவில் முதல் வேடம். 1972-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அரங்கில் ஒரே பாட்டில் ஒன்பது முறை உச்ச 'ஸி' ஸ்வரத்தைத் தொட்டு ரசிகர்களைக் கிறங்கவைத்தார்.

திறந்தவெளிக் கச்சேரியில் மைக் உண்டு, ஆபராவில் கிடையாது. வேடம் கட்டி, நடித்துக்கொண்டே, முழு ஆர்கெஸ்ட்ராவையும் மீறிக் கடைசி வரிசைவரை குரல் போக வேண்டும். பயிற்சி பெற்ற குரலில் 3000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் அருகே வலு கூடும். வாத்தியங்களின் ஒலி அங்கே குறைவு. அதனால்தான் குரல் தனித்துக் கேட்கிறது. மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் எஸ்.ஜி. கிட்டப்பா உச்சஸ்தாயியில் பாடியதைத் தாத்தாக்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த மும்பை மாட்டுங்கா தமிழர்களுக்கு இந்த அருமை சட்டென்று புரியும்.

மும்பை சார்னி ரோடு அருகே 1911-இல் திறக்கப்பட்ட ராயல் ஆபரா ஹவுஸ், 1993 முதல் மூடிக்கிடந்து 2016-இல் மீண்டும் உயிர்பெற்றிருக்கிறது. அங்கும் நரிமன் பாயிண்ட் என்.சி.பி.ஏ. கலையரங்கிலும் நடக்கும் மேற்கத்திய இசை நிகழ்ச்சிகளை, சண்முகானந்தா அரங்கக் கச்சேரிகளைப் போலவே 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் வெளியிட வேண்டுகிறேன். எங்கள் பிள்ளைகளும் போய்க் கேட்கட்டும்.

— ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை