செவலைக்காக ஓடி வந்தவர்களுக்கு

மாடிவீட்டுப் பூனைகளை அறிந்த எல்லோருக்கும் வணக்கம்.

செவலை போய் இன்று 16ஆம் நாள். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்ல நினைத்தேன். பேச்செடுத்தாலே தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் மருத்துவர் அம்மாவுக்கு. செவலைக்கும் கருப்பிக்கும் பூனை ரத்தப் புற்று வைரஸ் இருப்பது தெரிந்த அன்று, வேறோர் இடத்தில் “ஊசி போட்டு முடித்துவிடலாம்” என்றார்கள். நீங்களோ ஒரே பரிசோதனையை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று சில வாரம் கழித்து மறுபடியும் பார்த்தீர்கள். அப்போதும் இருந்தது. “வைரஸ் இருக்கிறது, ஆனால் இரண்டும் நன்றாகத்தானே சாப்பிடுகின்றன?” என்றீர்கள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்தேன். இது மனிதருக்குத் தொற்றாது என்று வீட்டு உரிமையாளரிடம் நீங்களே பேசியிராவிட்டால் நாங்கள் வீடு தேடி அலைந்திருப்போம்.

எதிர்வீட்டு அக்கா, முத்துவுக்கு வைரஸ் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு மகிழ்ச்சியைவிடப் பயம்தான் வந்தது. 1964இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் குழுவினர் இந்த வைரஸைக் கண்டுபிடித்ததே, ஒரே வீட்டுப் பூனைகள் பலவற்றுக்குப் புற்று வந்ததைத் தொடர்ந்துதான். எச்சிலில் பரவுவது; ஒன்றையொன்று நக்கிக்கொடுத்தாலே போதும். எங்கள் வீட்டிலோ மூன்றும் ஒரே சாக்கில் சுருண்டு படுப்பவை. நான் வாய் திறந்து கேட்கும் முன்பே, “அவன் என்னிடம் இருக்கட்டும்” என்று முத்துவைத் தோளில் போட்டுக்கொண்டு போனீர்கள். அவன் இன்றும் நோயின்றி இருப்பது உங்களால்தான்.

எதிர்ப்புச் சக்தி குறைந்த பூனைக்குப் பச்சை மீன் ஆகாது என்று நான் சொன்ன நாளிலிருந்து, தலைகளை வாசலில் போடாமல் சுத்தம் செய்து, வேகவைக்கச் சொல்லிக் கையில் தந்துவிட்டுப் போகும் மீன்கார அம்மாவுக்கும் நன்றி.

ஐப்பசி மழையில் செவலையின் ஈறு சுண்ணாம்பாய் வெளுத்தது. கடுமையான ரத்தசோகை. பூனைகளுக்கும் ரத்த வகை உண்டு, மாற்றி ஏற்றினால் உயிரே போகலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன். பின்தெருக் கல்லூரி மாணவி தன் கடுவனைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தாள். அதற்கு வைரஸ் இல்லை, வகையும் பொருந்தியது. 50 மில்லி ரத்தம். பெண்ணே, உன் பூனையின் கழுத்தில் மழித்த இடத்தைப் பார்த்து நீ அழுதாய்; ஆனாலும் “எடுத்துக்கொள்ளுங்கள்” என்றாய். அந்த ரத்தத்தில் செவலை இன்னும் ஐந்து வாரம் இருந்தான். ஜன்னல் திண்டில் ஏறி வெயில் காய்ந்தான், கருப்பியின் காதை நக்கினான்.

கடைசி இரவில், கொட்டும் மழையில் வண்டி எடுத்து, காசு வாங்க மறுத்து, விடிந்ததும் கொல்லையில் வேப்பமரத்தடியில் குழியும் தோண்டித் தந்த ஆட்டோ அண்ணனுக்கு என்ன சொல்வது?

கருப்பிக்கு ஆறு மாதப் பரிசோதனை அடுத்த வெள்ளிக்கிழமை. எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அண்ணன் நேற்றே கேட்டுவிட்டார்.

அன்புடன்,
மாடிவீட்டிலிருந்து