மார்க்கம் நகரில் கஞ்சாக் கடை வேண்டும் என்று ஒரு கிழவன் கேட்கிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவில், ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கும் நம் மார்க்கம் நகரில் கஞ்சாக் கடை ஒன்றும் வராமல் காத்துவரும் மாநகரசபைக்கு நன்றி சொல்லி ஒரு வாசகர் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் படித்தேன். நல்ல தமிழ். எழுதியவரின் மனதும் எனக்கு விளங்குகிறது. ஆனால் அவர் காத்துவிட்டதாகச் சொல்லும் அந்தப் பாதுகாப்புக்குள்தான் நானும் என் மனைவியும் குடியிருக்கிறோம். அதனால் நானும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கு 71 வயது. வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் 26 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். வீடு நைன்த் லைன் பக்கம். சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை, விருந்துகளில் ஒரு பியரை வைத்துக்கொண்டு இரவு முழுக்கக் கதைத்துவிட்டு வருகிற ஆள். என் மனைவிக்கு மூன்று வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ கொடுத்தார்கள். நோய் அடங்கியது. ஆனால் கீமோ விட்டுவிட்டுப் போன எரிவு அடங்கவில்லை. இரவில் இரண்டு உள்ளங்காலும் நெருப்புத் தணலில் வைத்தது மாதிரி என்பாள். கட்டிலை விட்டு எழுந்து போய், குளியலறைத் தரையின் குளிர் ஓட்டில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதிகாலை மூன்று மணிக்கு அவளை அப்படிப் பார்த்தவனுக்குக் ‘கஞ்சா’ என்ற சொல்லின் கூச்சம் மெல்லமெல்லப் போய்விடும். எனக்குப் போய்விட்டது. அவளுக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. வீட்டில் அதற்கு ‘எண்ணெய்’ என்றுதான் பெயர்.

நரம்புக்குக் கொடுத்த குளிசைகள் தலைசுற்றைத்தான் தந்தன. கடைசியில் குடும்ப வைத்தியரே, கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் போதை தராத சிபிடி எண்ணெய் பற்றிப் பேச்செடுத்தார். முதலில் அவர் கேட்டது, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறாளா என்று. அதோடு இது ஒத்துப்போகாதாம். இல்லை என்றோம். எரிவை முழுதாக மாற்றும் என்று நான் சொல்லமாட்டேன், தூங்க உதவக்கூடும் என்றார். உதவுகிறது. எல்லா இரவும் இல்லை, வாரத்தில் நாலு இரவு. அந்த நாலு இரவும் எங்களுக்குப் பெரிது.

வாங்குவது எப்படி என்பதுதான் விஷயம். வைத்தியர் பத்திரம் எழுதித் தந்தாலும் அந்த எண்ணெயைப் பாமசியில் போய் வாங்க முடியாது. அனுமதி பெற்ற நிறுவனத்தில் பதிந்தால் தபாலில் அனுப்புவார்கள். பத்திரம் இல்லாதவர்கள் எங்கள் மாகாண அரசின் கஞ்சாக் கடையான ஒன்ராறியோ கனபிஸ் ஸ்டோரில் இணையம் வழியாக எடுக்கலாம். இரண்டுக்கும் மின்னஞ்சல், கடவுச்சொல், கிரடிட் கார்ட் என்று ஒரு வரிசை. பெட்டி வரும்போது வயதைக் காட்ட ஆள் வீட்டில் நிற்க வேண்டும். என் மகள் எல்லாம் செய்து தருகிறாள். மகள் இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

மூன்றாவது வழி கடை. நாடு முழுக்க 2018 ஒக்டோபர் 17இல் கஞ்சா சட்டபூர்வமானது. கடை வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல ஒன்ராறியோவின் நகரங்களுக்கு 2019 ஜனவரி 22 வரை தவணை கொடுத்தார்கள். மார்க்கம் 2018 டிசம்பரிலேயே வேண்டாம் என்று வாக்களித்தது. பக்கத்து நகரங்களான ரிச்மண்ட் ஹில்லும் வோனும் அப்போது அப்படித்தான். ரொறன்ரோ சரி என்றது. ஆகவே ரொறன்ரோவுக்கும் மார்க்கத்துக்கும் எல்லையான ஸ்டீல்ஸ் அவெனியூவின் தெற்குக் கரையில் கடை உண்டு, வடக்குக் கரையில் இல்லை. நடுவில் இருப்பது ஒரு தெரு. இளம் பெடியனுக்கு அது காரில் ஏழு நிமிட ஓட்டம். கண் மங்கிக் கார் ஓடுவதை விட்டுவிட்ட எனக்கு இரண்டு பஸ், நடுவில் ஒரு மாற்றம், ஜனவரிக் காற்றில் ஒரு தரிப்பிடம். 2024 பெப்ரவரியிலிருந்து ரொறன்ரோ பஸ்ஸுக்கு மாறும்போது இரண்டாவது கட்டணம் எடுப்பதில்லை என்பது மட்டும் ஆறுதல். ஆக, இந்தத் தடை யாரைத் தடுக்கிறது என்று பாருங்கள். சறுக்காமல் நடக்கக்கூடியவனை அது தடுக்கவில்லை.

அந்தத் தெற்குக் கரைக் கடைக்கு நான் முதல் தடவை போனதைச் சொல்ல வேண்டும். கண்ணாடியெல்லாம் மங்கலடித்து, உள்ளே இருப்பது தெரியாமல் இருந்தது. பேத்தியும் கூட வந்திருந்தாள், 15 வயது. 19 வயதுக்குக் குறைந்தவர்கள் வாசற்படி தாண்டவே கூடாது என்று அவளை மகளோடு காரிலேயே இருக்கச் சொன்னார்கள். கோயிலுக்குப் போகிறவன் மாதிரித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். ஏன் கழற்றினேன் என்று இன்றைக்கும் தெரியாது. கவுண்டரில் நின்றது நம்முடைய பெடியன். என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினான். காலெரிவு என்று தொடங்கினேன். “அங்கிள், எந்த வருத்தத்துக்கு எது நல்லதெண்டு நான் சொல்லக்கூடாது, எங்களுக்கு அனுமதி இல்லை. போத்தில்ல என்ன இருக்கு, எவ்வளவு இருக்கெண்டு சொல்லலாம்” என்றான். பிறகு ஒரு போத்தலை எடுத்து, டிஎச்சி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள இலக்கத்தை விரலால் காட்டினான். போதை அதில்தான், சிபிடி வேறு, இரண்டையும் மாற்றி வாசித்துவிடாதீர்கள் என்றான். வைத்தியர் சொன்ன அளவு எத்தனை துளி வரும் என்று ஒரு துண்டில் கணக்குப் போட்டும் தந்தான். இந்த வேலைக்கு வருகிறவர்கள் அதற்கென்றே ஒரு பயிற்சி முடித்திருக்க வேண்டுமாம். இணையத்தில் ஆறு மாதமாக எனக்கு விளங்காதது அந்தப் பத்து நிமிடத்தில் விளங்கியது. அந்தத் துண்டு இன்னும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

போத்தல் மூடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தைகள் திறக்காதபடி அமுக்கித் திருப்புகிற மூடி. விரல் மரத்துப்போன என் மனைவியாலும் திறக்க முடியாது. தினமும் இரவு நான்தான் திறந்து கொடுக்கிறேன். அதில் எனக்குக் குறையில்லை.

இனி அந்த வாசகர் அவசியம் கேட்க வேண்டிய பகுதி. 2024 நவம்பர் நடுவில் தபால் வேலைநிறுத்தம் தொடங்கி டிசம்பர் நடு வரை இழுத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் பெட்டி எங்கேயோ கிடந்தது. எண்ணெய் முடிந்து ஐந்தாம் நாள், வெளியே உறைபனி, மகள் வேலை விஷயமாகக் கல்கரியில். சொந்தக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு ஒரு தொலைபேசி இலக்கம் தந்தார். அழைத்தேன். நாற்பது நிமிடத்தில் ஒரு கார் வந்து வாசலில் நின்றது. காசாக வாங்கினான். என் வயதையும் கேட்கவில்லை, பெயரையும் கேட்கவில்லை. எண்ணெய் இல்லை, இதுவும் அதேதான் என்று ஒரு பையைத் தந்தான். பளபளவென்று, பிள்ளைகள் சாப்பிடுகிற புளிப்பு இனிப்பின் பை மாதிரியே இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் 500 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. உள்ளே பத்துத் துண்டு.

மனைவி பாதித் துண்டு சாப்பிட்டாள். ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. வாயால் சாப்பிட்டால் வேலை செய்ய இரண்டு மணி நேரமும் ஆகலாம் என்பது எங்களுக்கு யார் சொல்ல? மற்றப் பாதியையும் சாப்பிட்டாள். பிறகு நடந்ததை விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது, சுவர் கிட்ட வருகிறது என்றாள், நாற்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்த என்னைப் பார்த்து “நீங்கள் ஆர்?” என்று கேட்டாள். அம்புலன்ஸ் வந்தது. விடியும்வரை அவசரப் பிரிவில் கதிரையில் இருந்தேன். இளம் டாக்டர் ஒருவர் பையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சட்டபூர்வக் கடையில் விற்கும் உண்ணும் பண்டத்தில் ஒரு முழுப் பொதிக்கே 10 மில்லிகிராம் டிஎச்சிதான் எல்லை என்றார். அந்தப் பையில் போட்டிருந்தது உண்மையென்றால், அவள் சாப்பிட்ட ஒரு துண்டில் 50. சட்டப்படி விற்கும் ஐந்து பொதிகளை ஒரே வாயில் போட்டதற்குச் சமம்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மிச்ச ஒன்பது துண்டையும் பழைய கோப்பித் தூளோடு பிசைந்து குப்பையில் போட்டேன். அந்தப் பை முதல் நாள் மாலை முழுக்கச் சாப்பாட்டு மேசையில், பேத்தி வழக்கமாகப் புத்தகப்பையைப் போடுகிற இடத்தில் கிடந்திருக்கிறது.

கடை வந்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்கிறார் அந்த வாசகர். பெற்றவர்களின் பயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இலங்கையில் நம் ஊரிலிருந்து வரும் செய்தியெல்லாம் கடலில் கேரளக் கஞ்சா பிடிபட்ட செய்திதானே, அந்தச் சொல் நமக்கு அப்படித்தான் காதில் விழும். அதே ஊரில் ஆயுர்வேத வைத்தியர்களுக்கு அரசாங்கமே மருந்துக்குக் கஞ்சா கொடுக்கிறது என்பதை யாரும் தலைப்புச் செய்தியாகப் போடுவதில்லை. அது இருக்கட்டும். என் வாசலுக்கு வந்த அந்தக் கார் 15 வயதுப் பிள்ளை அழைத்தாலும் வந்திருக்கும். என் பேத்தியை வாசலிலேயே மறித்தது கடைதான்.

இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. மார்க்கத்தில் மதுக்கடைகள் எத்தனை? 2024 செப்டம்பரிலிருந்து மூலைக்கடைகளிலும் பியரும் வைனும் விற்கலாம். லொத்தர் சீட்டுக்கும் உருளைக்கிழங்குப் பொரியலுக்கும் நடுவில் பியர் இருக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதைத் தாண்டித்தான் சொக்கலேட் எடுக்கிறார்கள். அதற்கு நன்றிக் கடிதமும் இல்லை, கண்டனக் கடிதமும் இல்லை.

எதிர்ப்பக்கத்தின் ஒரு நியாயத்தை நான் ஒத்துக்கொள்கிறேன். ஒன்ராறியோச் சட்டத்தில் ஒரு நகரம் கடைகளை ஒருமுறை அனுமதித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. ஒரு தெருவில் எத்தனை கடை என்று சொல்லும் அதிகாரமும் நகரத்துக்கு இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ரொறன்ரோவில் குவீன் தெரு மேற்குப் பக்கம் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக முளைத்ததை நானும் பார்த்தேன், நன்றாக இல்லை. மார்க்கம் வீதியில் வரிசையாக ஆறு கடை வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நைன்த் லைன் பக்கம் ஒன்று, ஹைவே 7 பக்கம் ஒன்று என்று பஸ் போகிற இடத்தில் பரவலாக இருந்தால் போதும். அதற்கு, கடைகளுக்கு இடையில் தூரம் வைக்கும் அதிகாரத்தை மாகாண அரசிடம் கேட்டு வாங்க வேண்டியது மாநகரசபையின் வேலை. கதவைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் அந்தக் கேள்வியை யாரும் கேட்கப்போவதில்லை. மிசிசாகாவும் 2018இல் நம்மைப் போலத்தான் வேண்டாம் என்றது. 2023 ஏப்ரலில் முடிவை மாற்றியது. அதற்குப் பிறகான அவர்களுடைய அனுபவத்தை நம் உறுப்பினர்கள் ஒருதரம் கேட்டுப் பார்ப்பதில் என்ன நட்டம்?

இதை எழுதுவதற்கு முன் மனைவியிடம் அனுமதி கேட்டேன். எங்கள் பெயர் வேண்டாம், மற்றதெல்லாம் எழுதுங்கள் என்றாள். கோயிலில் பார்த்துக் கதைப்பார்களாம். ஆனால் போன மாதம் ஆனீன் சனசமூக நிலையத்தில் முதியோர் உடற்பயிற்சி முடிந்து சப்பாத்துப் போடும்போது, அவளுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாராம்: “நீங்கள் அந்த எண்ணெய் எங்க எடுக்கிறனீங்கள்?” பிறகு இன்னொருவர். இப்போது நாலு பேர். நாலு பேருக்கும் என் மகள்தான் கணினியில் பதிந்து கொடுக்கிறாள்.

மாநகரசபைக் கூட்டத்தில் பேச விண்ணப்பிக்கப் போகிறேன். ஐந்து நிமிடம் தருவார்கள். என் ஆங்கிலம் மூன்று நிமிடத்துக்குத்தான் வரும். மிச்ச இரண்டு நிமிடத்தை எடுத்துக்கொள்ள யாராவது இருந்தால் பத்திரிகை அலுவலகத்தில் சொல்லிவையுங்கள். என்னையும் வழியில் ஏற்றிக்கொண்டு போக ஒரு கார் இருந்தால் இன்னும் நல்லது. ஹைவே 7இல் இருக்கும் அந்தக் கட்டடத்துக்கும் எனக்கு இரண்டு பஸ்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிலாளி,
நைன்த் லைன், மார்க்கம்