குடியிருப்போர் நலச் சங்கம்: 2024-25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அறிக்கை ஆண்டில் செயற்குழு தவறாமல் கூடியது. சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். பொங்கல் விளையாட்டுப் போட்டிகள் வழக்கம்போல் நடைபெற்றன. மழைநீர் வடிகாலைத் தூர்வாரக் கோரி மனு அளித்ததில் பெரும்பகுதி வேலை முடிந்துள்ளது.

இவ்வாண்டு புதிதாகத் தொடங்கிய பணி, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சங்கக் கட்டடத்தில் ஞாயிறு காலைகளில் நடத்திய, பாலியல் சீண்டலிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளும் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பாகும். இது தேவைதானா என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டதாலும், ‘பிஞ்சு மனதில் இதையெல்லாம் ஏன் விதைக்க வேண்டும்’ என்று வெளியில் பேசப்பட்டதாலும், அதைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன். முன்பின் தெரியாதவரிடம் மிட்டாய் வாங்காதே என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்த்துவிட்டு, ஆபத்து வெளியிலிருந்துதான் வரும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்கீழ்ப் பதிவாகும் பாலியல் வன்முறை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவராகவே இருக்கிறார். உறவினர், அண்டை வீட்டார், பழகிய குடும்ப நண்பர் என்று வரும் அந்தப் பட்டியலைப் படித்த பிறகும் கதவைப் பூட்டினால் போதும் என்று இருக்க என்னால் முடியவில்லை.

வகுப்பை நடத்தித் தந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். உள்ளாடை மறைக்கும் இடங்களை யாரும், மருத்துவரோ பெற்றோரோகூட, தக்க காரணமின்றித் தொடக்கூடாது என்பதையும், ‘யாரிடமும் சொல்லாதே’ என்று ஒருவர் சொன்னால் அதையே முதலில் வீட்டில் சொல்ல வேண்டும் என்பதையும், வேனிலோ பள்ளி வாசலிலோ அழைக்க வருபவரிடம் வீட்டில் பேசிவைத்த அடையாளச் சொல்லைக் கேட்க வேண்டும் என்பதையும் அவர் நடித்துக் காட்டியே கற்பித்தார். நம்பிச் சொல்லக்கூடிய ஐந்து பெரியவர்களை விரலுக்கு ஒருவராக எழுதச் சொன்னபோது, ஐந்து விரலையும் நிரப்ப முடியாமல் விழித்த பிள்ளைகள் பலர்.

குரல் பயிற்சியன்று நடந்ததை உறுப்பினர்கள் அறிய வேண்டும். ‘வேண்டாம், என்னைத் தொடாதீங்க’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு வாய் அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னதற்கு, ‘பெரியவங்ககிட்டக் கத்தினா அம்மா திட்டுவாங்க மிஸ்’ என்றாள். விருந்தினர் வந்தால் ‘மாமாவுக்கு ஒரு முத்தம் குடு’ என்று கட்டாயப்படுத்துகிற நாம்தான் அந்தக் குரலை அடைத்து வைத்திருக்கிறோம். சில வாரங்களில் அதே சிறுமி தெருமுனை வரை கேட்கும்படி கத்தினாள். அந்த ஒரு காரணத்துக்காகவே இவ்வகுப்பு நடந்தது நியாயம் என்று கருதுகிறேன்.

பெரும்பாலான வீடுகளிலிருந்து பெண் பிள்ளைகளை மட்டுமே அனுப்பினார்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் குழந்தைகள் அனைவரையும் காக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு என்பதால்தான் சட்டம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

பெற்றோருக்கென்று தனியே வைத்த கூட்டத்துக்கு வந்தவர்கள், போட்ட நாற்காலிகளில் கால்வாசியைக்கூட நிரப்பவில்லை. தந்தையர் மிகச் சிலரே. வீடு வீடாகச் சென்று அழைப்பு கொடுத்தும், ‘கண்டிப்பா வர்றோம் சார்’ என்றவர்களைக் காணவில்லை. ‘நமக்கு ஏன் வம்பு’ என்று ஒதுங்குவோர்க்காகக் கூட்டத்தில் சொன்னதை இங்கே மீண்டும் பதிகிறேன்: குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர்மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்க இயலாது. குழந்தையின் பெயரும் அடையாளமும் வெளியிடப்படக் கூடாது. வாக்குமூலம் பெற வரும் காவலர் சீருடையில் வரக்கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் குழந்தையே கட்டணமின்றி அழைக்கலாம். அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு தெருமுனையிலும் வைத்துள்ளோம். ஒரு பலகையை யாரோ கழற்றிவிட்டார்கள், மறுபடியும் மாட்டியிருக்கிறோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். செலவு வரவுக்குள் அடங்கியது, வைப்புத்தொகையில் கை வைக்கவில்லை என்பதை மட்டும் தெரிவிக்கிறேன். எனினும் சந்தா நிலுவை கவலை தருகிறது. சில வீடுகளில் அது இரண்டாண்டைத் தாண்டிவிட்டது. நிலுவை வைத்திருப்பவர்களில் தம் பிள்ளைகளை இவ்வகுப்புக்கு அனுப்பியவர்களும் உண்டு. பிள்ளைகளை ஒருபோதும் திருப்பி அனுப்ப மாட்டோம். ஆனால் படச்சுவடிகளும் மின்கட்டணமும் சந்தா செலுத்துவோரின் பணத்தில்தான் வருகின்றன.

கட்டணம் வாங்காமல் கற்பித்த ஆசிரியைக்கும், வகுப்பன்று வாசலில் நின்று உதவிய மகளிர் சுயஉதவிக் குழுவினருக்கும், தலைவர், பொருளாளர், தணிக்கையாளர் ஆகியோருக்கும் நன்றி.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வகுப்பை மீண்டும் தொடங்கச் செயற்குழு ஒப்புக்கொண்டுள்ளது. ஆனால் ஒருவரோ இருவரோ இழுத்துச் செல்லும் பணியாக இது நீடிக்காது. இப்பொறுப்பில் நான் தொடர்வதும் பொதுக்குழுவின் ஒத்துழைப்பைப் பொறுத்ததே. வகுப்பு நாள்களில் உடனிருக்கத் தெருவுக்கு ஒரு தாயும் ஒரு தந்தையும் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெயர்ப் பதிவேடும் சந்தா ரசீதுப் புத்தகமும் இக்கூட்டம் முடியும்வரை வாசல் மேசையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்