தையல் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், மூத்த அம்மாக்களுக்கும், மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கமிருந்து வந்திருக்கும் அக்காமார், லாத்தாமார், தங்கைகள் எல்லோருக்கும் செயலாளரின் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அக்கா தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. கார்த்திகை அடைமழையில் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. சீருடைத் தையல் வழக்கம்போல வந்தது, நேரத்துக்கு முடித்துக் கொடுத்தோம். இந்த ஆண்டு நாம் நிமிர்ந்து சொல்லிக்கொள்ளக்கூடிய வேலை, ஒட்டுத்துணிப் போர்வைக்குத் தைத்த பூவரசம்பூக் கட்டம்தான். மீதி அறிக்கை முழுவதும் அதைப் பற்றியதுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த 61 நாளும் வீட்டுக்கு வரும் காசு சுருங்கும், தையலுக்கு உட்காரும் கைகள் கூடும். ஒட்டுத்துணிப் போர்வை வேலையை அதனால்தான் அப்போது வைத்துக்கொண்டோம். படத்தின் கோடுகள் வரைந்த காகிதத்துக்கு அடியில் துணித்துண்டுகளை வைத்து, கோட்டின்மேல் தைத்து, கடைசியில் காகிதத்தைக் கிழித்தெடுக்கும் முறை நமக்கு முன்பே பழக்கம். ஆனால் அதுவரை தைத்த ரோஜாவும் தாமரையும் யாரோ வரைந்த படங்கள். நம் கரையில் நிற்கும் பூவை நாமே வரையவேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது.

முதலில் வந்த படங்களில் பூவரசம்பூ ஐந்து இதழும் விரித்து நம்மைப் பார்த்துச் சிரித்தது. படங்களை வாங்கிப் பார்த்த பெரியம்மா ஒருவர், “ஏத்தா, பூவரசம்பூ எங்கத்தா இப்பிடி விரிஞ்சு கெடக்கு? மணி மாதிரி கூம்பித்தான நிக்கும்” என்றார். அந்த ஒரு பேச்சில் வேலை திசை மாறியது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியும் மூன்று இதழ்களை மட்டும் வரைந்தோம். தையலுக்கும் அதுவே நல்லது. ஐந்து இதழின் முனையும் நடுவில் ஒரே புள்ளியில் கூடினால், அங்கே தையல்மேல் தையல் ஏறித் துணி முண்டு கட்டும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. பூவின் தொண்டையிலுள்ள கருஞ்சிவப்புக்கு, இதழ்கள் விலகும் இடத்தில் சிறு முக்கோணமாக அரக்குத் துணி எட்டிப்பார்க்கிறது.

இந்த முறையில் வளைவு கிடையாது, எல்லாம் நேர்கோடு. இதழின் வளைவைக் காட்ட மூலைகளைச் சின்னச் சின்னப் பின்னணித் துண்டுகளால் வெட்டிக் காட்டினோம். இதய வடிவ இலையை நடு நரம்போடு இரண்டு பாதியாகப் பிரித்துத் தனித்தனியே தைத்துச் சேர்த்தோம். வரைந்த படம் தைக்கும்படி அமைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இதைக் கட்டாயம் கற்றுக்கொள்ளவேண்டும். தைக்கும் வரிசைப்படி துண்டுகளுக்கு எண் இடுகிறோம். அதில் கடைசி எண்ணுள்ள துண்டின் கோடு, ஒன்றாகத் தைக்கும் அந்தப் பகுதியின் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஓடவேண்டும். அந்தத் துண்டை மறைத்துவிட்டால், அதற்கு முந்தைய எண்ணின் கோடும் மிச்சத்தில் அப்படியே ஓடவேண்டும். எங்காவது ஒரு கோடு நடுவில் நின்றுவிட்டால் அங்கே பகுதியைப் பிரித்து அ, ஆ, இ என்று பெயர் வைக்கவேண்டும். நம் 12 அங்குலக் கட்டத்தில் பூ ஒரு பகுதி, காம்பும் பூவைத் தாங்கும் புல்லிக் கிண்ணமும் ஒரு பகுதி, இலைக்கு இரண்டு பகுதி.

இன்னொன்று, கோடு மேலே இருக்கத் துணி அடியில் தைக்கப்படுவதால், படத்தில் இடப்பக்கம் சாயும் இலை தைத்து முடித்ததும் வலப்பக்கம் சாயும். அதனால் படத்தை ஜன்னல் கண்ணாடியில் திருப்பி ஒட்டி, பின்பக்கமிருந்து வரைந்து கொள்கிறோம். தையல் நெருக்கமாக, அங்குலத்துக்கு 18 முதல் 20 வரை விழவேண்டும். அப்போதுதான் காகிதம் தையலை இழுக்காமல் கிழிந்து வரும். ஊசி 14ஆம் நம்பர் போதும். காகிதம் ஊசியை மழுக்கிவிடும் என்பதால் அதற்கென்று தனி ஊசி ஒதுக்கிவையுங்கள். உப்புக்காற்றில் துருவேறாமல் எண்ணெய்த் துணியில் சுற்றியும் வையுங்கள். பழைய செய்தித்தாள் வேண்டவே வேண்டாம், இஸ்திரிச் சூட்டில் மை துணியில் ஏறும். அச்சிடாத வெறும் தாளே சரி. ஒவ்வொரு துண்டையும் தைத்ததும் கால் அங்குலம் விட்டு வெட்டி, மடித்துத் தேய்த்த பிறகே அடுத்த துண்டு. இதில் அவசரப்பட்ட கட்டங்களில் இதழ்முனை மழுங்கியிருப்பதை எல்லோரும் பார்த்தோம்.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. காலையில் மஞ்சளாகப் பூக்கும் பூவரசு, சாயங்காலத்துக்குள் சிவந்து வாடும். ஆகவே ஒரே படத்தை இரண்டு விதமாகத் தைத்தோம்: மாம்பழ மஞ்சளில் காலைப்பூ, வெங்காயத்தோல் நிறத்தில் மாலைப்பூ. போர்வையில் மேல் வரிசை முழுக்க மஞ்சள். கீழே வரவரச் சிவப்பு கலந்து, கடைசி வரிசை முழுதும் மாலைப்பூ. தையல்கடைகளில் மிஞ்சிய ஜாக்கெட் துணிகளே இதற்குப் போதுமாக இருந்தன. பின்னணிக்குக் காடாத் துணி. காடா சுருங்கும், அரக்கு சாயம் விடும். இரண்டையும் முன்னாலேயே நனைத்துக் காயவைத்தே வெட்டினோம். நம் சங்கத்தில் இதைவிட அழகான வேலை நடந்ததாக எனக்கு நினைவில்லை. மனதாரச் சொல்கிறேன்.

இந்தப் பூவரசுப் படம் சங்கத்தின் பொதுச்சொத்தாக அலமாரியில் இருக்கவேண்டும், உறுப்பினர் யார் கேட்டாலும் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். ஆனால் போர்வையை விற்கும்போது விலையைத் தனியாளாகக் குறைக்கக் கூடாது. அது எல்லோர் உழைப்புக்கும் சேர்ந்த விலை.

அப்புறம், வரும் ஆண்டுக்கு அடும்புப்பூ. மணலில் படரும் கொடி, ஊதாப்பூ, இரண்டாகப் பிளந்த இலை. புனல் வடிவம் என்பதால் நேர்கோட்டில் அடக்குவது கொஞ்சம் கடினம்தான். இப்போது படகுகள் கட்டிக் கிடக்கும் இந்த நாட்களிலேயே ஆளுக்கொரு படம் பென்சிலால் வரைந்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறேன். கரைக்குப் போய்ப் பூவைக் காலை நேரத்தில் பார்த்து வரையுங்கள். வெயில் ஏறினால் சுருங்கிவிடும்.

இந்த அறிக்கையை ஏற்று, தீர்மானத்தை நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்